இஞ்சியின் மேல் போட்ட பழி

ஜூலை 10, 2006 – திங்கள்

கம்பெனி லைனில் பதினெட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் இன்று பதினொரு பேர். நேராக நிமிர்ந்து நின்றவை இரண்டுதான்: சூப்பர்வைசரும், மூலையில் இருந்த துடைப்பமும்.

சிக்குன்குனியா ஓசூரைப் பிடித்து ஆட்டுகிறது. எனக்குக் காய்ச்சல் மூன்றே நாளில் விட்டுவிட்டது. போகும்போது மூட்டுகளையெல்லாம் கழற்றித் தப்பாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறது. விடிந்ததும் விரல்களை ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருக்கிறது. என் வேலையோ விரல் வேலை. நட்டுக்குள் அளவு பார்க்கும் கேஜைத் திருகிப் பார்க்க வேண்டும். உள்ளே போனால் பச்சை டப்பா, போகாவிட்டால் சிவப்பு டப்பா. பதினான்கு வருஷமாகச் செய்கிறேன். இன்று ஒவ்வொரு திருகலுக்கும் மணிக்கட்டில் ஒரு ஆணி இறங்கியது. என்னைச் சோதித்துப் பார்த்திருந்தால் சிவப்பு டப்பாவில்தான் போட்டிருப்பார்கள்.

கம்பெனி டிஸ்பென்சரியில் வலி மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. விழுங்கிய அரை மணி நேரத்தில் மறுபடியும் மனுஷியாகிறேன்.

ஜூலை 12 – புதன்

காலனி முழுக்கக் குனிந்து நடக்கிறது. எல்லோரும் சேர்ந்து ஒரே கம்மலைத் தொலைத்துவிட்டுத் தேடுவது போல.

ஜூலை 16 – ஞாயிறு

பக்கத்து வீட்டுத் தங்கதுரை அண்ணன் வைத்தியராகிவிட்டார். யார் பட்டம் கொடுத்தது என்று தெரியவில்லை. போன மாதம் வரை கிரேன் ஓட்டிவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். சிவகங்கைப் பக்கத்துக்காரர். காலையில் டி.வி.யில் ஒருவர் மூலிகை பற்றிப் பேசுவதைக் கேட்கிறார், சாயங்காலம் ஏதோ வாரப்பத்திரிகை படிக்கிறார், இரண்டுக்கும் நடுவில் எங்கள் எல்லோரையும் குணப்படுத்துகிறார்.

இன்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கறுப்பாக எதையோ கொண்டுவந்தார். இஞ்சி, சுக்கு, பூண்டு, வெல்லம், நல்லெண்ணெய் போட்டுக் கிளறிய லேகியமாம்.

"தங்கச்சி, இஞ்சில இல்லாத மருந்து இந்த ஒலகத்துலயே இல்ல பாத்துக்க. காலைல ஒரு உருண்டை, ராத்திரி ஒரு உருண்டை. பத்தே நாள்ல ஓடுவ."

"எங்கண்ணே ஓடறது? உங்க லேகியத்தப் பாத்துட்டா?"

அவருக்கு முகம் சுருங்கியது. என் வீட்டுக்காரர் கோவிந்தப்பன் சிரித்துவிட்டார். பிறகு, "சும்மா இரு மாதேசு, பாவம் ஆசையா எடுத்துனு வந்திருக்கறாரு" என்று என்னை அடக்கினார். அண்ணன் போனதும் பாட்டிலை பினாயில் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "எது எதுன்னு சொல்லு பாக்கலாம்." அதற்கும் சிரித்தார்.

அவர் சிரித்தால் எனக்கு இன்னும் பத்து வாக்கியம் தானாக வரும். சாயங்காலம் பாட்டிலை அண்ணன் பெண்டாட்டி இருளாயியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காசு வாங்கிக்கொண்டு கொடுத்தாலாவது மனம் நிறையத் திட்டலாம். இந்த மனுஷன் சும்மா கொடுக்கிறார். சும்மா கொடுக்கிறவர்களை என்ன செய்வது?

ஜூலை 21 – வெள்ளி

லைனில் என் பக்கத்தில் உட்காரும் ராசாத்தி கெலமங்கலம் சந்தையிலிருந்து இஞ்சி வாங்கி, அரைத்து, இரண்டு முழங்காலிலும் அப்பித் துணியால் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். காலையில் அவிழ்த்தால் இரண்டு கொப்புளம், ஒவ்வொன்றும் இட்லி அளவு.

"வலி போச்சா?" என்றேன்.

"மூட்டு வலியா? அது எங்க தெரியுது, தோலு எரியிற எரிச்சல்ல!"

ஆக, வைத்தியம் பலித்துவிட்டது.

பினாயில் கதையைச் சொன்னேன். லைனே சிரித்தது. சூப்பர்வைசர்கூட.

ஜூலை 29 – சனி

வீட்டில் அவருக்குக் காய்ச்சல்.

ஆகஸ்ட் 2 – புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. "வலிக்குதா?" என்று கேட்டால் "ஒண்ணியும் இல்ல" என்கிறார். சட்டைப் பொத்தானைப் போட எட்டு நிமிஷம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். ஒண்ணியும் இல்லாதவருக்கு எட்டு நிமிஷம் என்றால், ஏதாவது இருந்திருந்தால் மதியம் வரை ஆகியிருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் அவர் நெஞ்சைத் திறந்து ஒரு உலோக வால்வு வைத்தார்கள். அதிலிருந்து தினமும் இரவில் ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க. மாதம் ஒருமுறை பெங்களூர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஜூலையில் என் காய்ச்சலால் போகவில்லை. இந்த மாதம் அவர் காய்ச்சல். அடுத்த வாரம் பார்க்கலாம்.

அறுவைக்குப் பிறகு எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தார். அந்த எட்டு மாதத்தில் நான் சொன்னதையெல்லாம் இங்கே எழுதாமல் விட்டது நல்லதுதான். இப்போது ஒரு சின்ன கம்பெனியில் டைம் ஆபீஸில் இருக்கிறார். யார் வந்தார்கள், எந்த வண்டி போனது என்று நாள் முழுக்க நோட்டில் எழுதும் வேலை. பேனாவைப் பிடிக்க முடிந்தால்தான் அந்த வேலை.

ஆகஸ்ட் 6 – ஞாயிறு

இன்று காலை அவர் பேனாவைப் பிடித்து எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டேன். பழைய செய்தித்தாள் ஓரத்தில் தன் பெயரையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். 'கோ' மட்டும் கோவாக இருந்தது. மற்றதெல்லாம் கோழி கிளறியது.

என்னைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டார். "என்ன, ஆட்டோகிராஃபா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

என் வலி மாத்திரைகளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். "காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இது மருந்து. லேகியமில்ல." எனக்கு? டிஸ்பென்சரியில் கேட்டால் தருவார்கள். தராவிட்டாலும் பரவாயில்லை. கேஜ் என்ன, ஓடியா போய்விடும்.

ஆகஸ்ட் 15 – செவ்வாய்

கம்பெனியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அவர் இன்று தெருமுனை வரை நடந்து போய்த் தினத்தந்தி வாங்கி வந்தார். கைகளும் பரவாயில்லையாம். நேற்று நோட்டில் நாற்பது வண்டி எழுதினாராம்.

தங்கதுரை அண்ணன் வாசலில் நின்று அவரைப் பார்த்துத் தலையாட்டினார், பொங்கல் பானை பொங்கியதைப் பார்ப்பது போல. எதற்கு இந்தப் பெருமை? நடக்க வைத்தது என் மாத்திரை. மனுஷன் சூரியன் உதித்தாலும் தன் லேகியத்தால்தான் என்பார் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 20 – ஞாயிறு

குழாயடியில் இருளாயி அண்ணி நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"நெஞ்சு கரிக்குது மதினி. எது தின்னாலும் மேல மேல வருது. மனுசன் மூணு வேளையும் இஞ்சிச் சாறா ஊத்துறாரு. கேட்டா, 'நோவு வெளியேறுது, பொறு'ங்கிறாரு."

"எந்த வழியா வெளியேறுதாம்?"

அவள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். பெண்டாட்டியையே சோதனைச் சாலையாக்கிய மகான்.

ஆகஸ்ட் 24 – வியாழன்

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். டிஸ்பென்சரியில் கூடுதல் மாத்திரை தரவில்லை. இருப்பதை அவருக்குத் தருவதால் எனக்கு ஒன்றும் இல்லை. நேற்றும் இன்றும் டீயில் ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தேன். கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. இஞ்சியா, சுடுதண்ணீரா, பத்து நிமிஷம் உட்கார்ந்ததா, எது என்று தெரியவில்லை. இது தங்கதுரை அண்ணன் காதில் விழுந்தால் என் பெயரைப் போட்டு வாசலில் பலகை மாட்டுவார்.

ஆகஸ்ட் 28 – திங்கள்

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்ததாம். "பிரஷ் புதுசு" என்றார். முழங்கைக்கு மேல் ஒரு கன்றிப்போன அடையாளம், கத்தரிக்காய் நிறத்தில். "எந்தச் சக்களத்தி கிள்ளினது?" என்றேன். "டேபிள்ல இடிச்சுக்கிட்டேன்" என்றார்.

பெங்களூர் போக வேண்டும். அடுத்த ஞாயிறு தாண்டி திங்கள்கிழமை லீவு கேட்கிறேன்.

செப்டம்பர் 3 – ஞாயிறு

பெங்களூர் ஆஸ்பத்திரி. வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நோட்டை எதற்குப் பையில் போட்டேன் என்று தெரியவில்லை. சீப்பு எடுக்கவில்லை, செருப்பு வேறு வேறு ஜோடி, நோட்டு மட்டும் இருக்கிறது.

காலை ஏழு மணிக்குக் கக்கூசுக்குப் போனவர் வரவில்லை. கதவைத் தட்டினேன். "மாதேசு" என்று ஒரு குரல், அவர் குரல் மாதிரியே இல்லை. தள்ளித் திறந்தேன். சுவரில் சாய்ந்து கிடக்கிறார். வாயிலிருந்து ரத்தம், காப்பித்தூள் கரைத்த மாதிரி கறுத்து. தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறார். நான் கத்தினது எனக்கே கேக்கல. தங்கதுரை அண்ணன்தான் ஓடி வந்து தூக்கினார், மூட்டு வலியோடு.

ஓசூரில் பார்த்துவிட்டு, வால்வு வைத்த இடத்துக்கே கொண்டு போகச் சொன்னார்கள். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரி வரிசை. ஆம்புலன்ஸ் கத்துது கத்துது, எவனும் நகரல. அவர் கை என் மடியில். நான் விரலையெல்லாம் ஒவ்வொன்றாக அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். அவர் முகம் சுளித்தால் உயிர் இருக்கிறது. சுளித்தார். ஒவ்வொரு தடவையும் சுளித்தார்.

உள்ளே எடுத்துக்கொண்டு போய் மூன்று மணி நேரமாகிறது.

எனக்கு ஒண்ணும் தெரியல.

செப்டம்பர் 4 – திங்கள்

இருக்கிறார்.

செப்டம்பர் 5 – செவ்வாய்

இன்று பேசினார். டாக்டரம்மா வந்தார், சின்ன வயசு. எங்கள் இருவருக்கும் கன்னடம் தெரியும் என்பதால் கன்னடத்திலேயே கேட்டார். ரத்தம் உறைவதைக் கணக்கிடும் எண் ஒன்று உண்டு. இவருக்கு மூன்றை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்பதைத் தாண்டிவிட்டதாம். வயிற்றில் ஒரு புண், அதிலிருந்துதான் ரத்தம்.

"மாத்திரையோட வேற என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: இஞ்சி.

"ஷுண்டியா? எஷ்டு?" டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

எவ்வளவு? தங்கதுரை அண்ணன் சொன்னது இரண்டு உருண்டை. இவர் சாப்பிட்டது ஆறு, சில நாள் ஏழு. அதற்கு மேல் சுக்குக் கஷாயம். வேலை விட்டு வரும்போது நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, பிறகு வீட்டுக்கு வந்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் கை சரியாகாவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று டைம் ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. எனக்கு எதுவும் தெரியாது.

"மனைவிகிட்ட ஏன் சொல்லல?"

"ஹேளிதரெ நகுத்தாளெ" என்றார் இவர். சொன்னால் சிரிப்பாள்.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. அது அவருடைய நல்ல மனசு.

பிறகு என்னைக் கேட்டார். "வலிக்கு வேற எதாவது?" நான் என் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன் என்று இப்போது நினைக்கிறேன். இந்தாங்க, நான் கொடுத்தது லேகியமில்லை, மருந்து.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "எத்தனை நாளா?" "நாலு வாரம்." "வால்வு வெச்சப்போ சொல்லலையா, எந்த வலி மாத்திரையும் கேக்காம தரக்கூடாதுன்னு?"

சொன்னார்கள். காகிதத்தில் அச்சடித்துக்கூடக் கொடுத்தார்கள்.

வெளியில் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். சமையலில் போடும் இஞ்சி ஒன்றும் செய்யாது. அளவோடு ஒரு டீயும் பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் இஞ்சியையும் பூண்டையும் இப்படிக் காய்ச்சிக் குவித்துச் சாப்பிடக் கூடாது, மாத்திரையோடு சேர்ந்துகொள்ளலாம். எவ்வளவு சேர்ந்தது என்று அளக்க முடியாது. இரண்டு மாதம் ரத்தப் பரிசோதனைக்கும் வரவில்லை. "ஆனா வயித்துல புண்ணு போட்டது இந்த மாத்திரைதான். ரத்தம் கொட்ட வெச்சதுல பெரிய பங்கு இதுக்குத்தான். இஞ்சி மேல மட்டும் பழி போடாதீங்க."

ஒரு மாதமாகச் சிரித்தேனே.

செப்டம்பர் 6 – புதன்

தங்கதுரை அண்ணனும் இருளாயி அண்ணியும் பஸ் பிடித்து வந்தார்கள். வெளியூர் ஆஸ்பத்திரிக்கு வந்தும் அவர் வேட்டியைச் சலவை மடிப்போடு கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நான் இதுவரை ஆண் ஒருவர் அப்படிக் குலுங்கிப் பார்த்ததில்லை.

"அவருக்கு ரத்தத்த இளக்கத்தான மாத்திர குடுக்கிறாக. இஞ்சியும் ரத்தத்த இளக்கும்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு. ரெண்டும் ஒண்ணாச் சேந்தா நல்லதுதானன்னு நெனச்சேன் தங்கச்சி. நல்லதுதானன்னு நெனச்சேன். கொல்லப் பாத்துட்டேனே."

எதிரே நான் நின்றேன். டாக்டரம்மா சொன்னது என் வாயில் இருந்தது. ஒரே வாக்கியம். அழுகிற மனுஷனுக்கு எதிரே அதை விழுங்கிவிட்டு, "விடுங்கண்ணே" என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னித்த மாதிரி.

செப்டம்பர் 11 – திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஐந்து கிலோ குறைந்திருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

செப்டம்பர் 14 – வியாழன்

அண்ணன் வீட்டுப் பாட்டில்களை யாரோ எடுத்துச் சாக்கடையில் கொட்டியிருக்கிறார்கள். இரண்டு மாதமாக அவரிடம் வாங்கித் தின்றவர்கள்தான் அவர்கள் எல்லோரும். இப்போது அவருக்குப் பேர் 'இஞ்சி டாக்டர்'. இருளாயி குழாயடிக்கு எல்லோரும் போன பிறகு வருகிறாள்.

நான்? நான் என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

செப்டம்பர் 19 – செவ்வாய்

இன்று வேலைக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் ராசாத்தி கதை சொன்னாள். தங்கதுரை எப்படிப் பேசுவார், பாட்டிலை எப்படி நீட்டுவார் என்று நடித்துக் காட்டினாள். "இவ பினாயில் பக்கத்துல வெச்சு, எது எதுன்னு சொல்லுன்னாளாம். அப்பவே சொல்லியிருக்கறா பாருங்க, அது வெஷம்னு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். நான் எவ்வளவு முன்யோசனைக்காரி!

டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். ராசாத்தி, "வயிறு சரியில்லியா?" என்றாள். ஆமாம் என்றேன். என் நகைச்சுவையை முதல் தடவையாக வெளியிலிருந்து கேட்டேன். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன். அதுதான் கஷ்டம்.

செப்டம்பர் 20 – புதன்

அவரிடம் சொன்னேன், மாத்திரை விஷயம் முழுவதும். டாக்டரம்மா சொன்னதைச் சொல்லுக்குச் சொல்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"அன்னைக்கே என்கிட்டவும் சொன்னாங்க."

"பதினஞ்சு நாளா ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." பிறகு, "பாவம் அந்த மனுசன், மாதேசு" என்றார்.

செப்டம்பர் 24 – ஞாயிறு

நாலு நாள் தள்ளிப் போட்டேன். கோழைத்தனத்துக்கு நான் வைத்த பேர், 'ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பேசலாம்'.

போனேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டி.வி. அணைந்திருந்தது. பத்திரிகைகளையெல்லாம் கட்டிப் பழைய பேப்பர்காரனுக்காக வைத்திருந்தார். "வா தங்கச்சி" என்று எழுந்தார். அவர் எழுந்ததுதான் என்னை என்னவோ செய்தது.

நின்றபடியே சொன்னேன். நான்கு வாரம் நான் கொடுத்த மாத்திரை. புண் அதனால். பெரிய பங்கு என்னுடையது. உங்கள் லேகியமும் சேர்ந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்களால் மட்டும் இல்லை. இது எனக்கு ஐந்தாம் தேதியே தெரியும்.

"அஞ்சாந்தேதியா?" என்றார்.

"ஆமாண்ணே."

"நான் வந்தது ஆறாந்தேதி."

"ஆமா."

"நான் அங்க உக்காந்து அழுதப்ப ஒனக்குத் தெரியும்."

எதைச் சொன்னாலும் அழகாக அமைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

இருளாயி அண்ணி அடுப்படியிலிருந்து வந்து, "போயிட்டு வாங்க மதினி" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் படி இறங்கியதும் கதவைச் சாத்தினாள்.

செப்டம்பர் 27 – புதன்

காலை ஆறரை. குழாயடியில் பத்துப் பன்னிரண்டு பேர். அதே விஷயத்தை அவர்கள் எதிரிலும் சொன்னேன். வெட்கமாக இருந்ததா என்றால், கால் முட்டி வலிப்பதுகூட மறந்துபோகும் அளவுக்கு. கோடிவீட்டு நாராயணம்மா, "நீ வேணும்னா செஞ்ச? பாசத்துல குடுத்த" என்று எனக்குப் பரிந்து வந்தாள். "தங்கதுரை அண்ணனும் பாசத்துலதான் குடுத்தாரு. அவருக்கு மட்டும் ஏன் சாக்கடைல கொட்டினீங்க?" என்றேன். குழாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கம்பெனியிலும் சொன்னேன். ராசாத்தி சிரிக்கவில்லை. "அந்த மாத்திரயத்தான் எங்க மாமியாருக்கும் குடுத்துக்கினு இருக்கேன். அவங்களும் நெஞ்சு வலிக்கு ஏதோ சாப்பிடறாங்க" என்றாள். "எது ஏதோ?" என்றேன். தெரியவில்லை. "மொதல்ல அந்த அட்டைங்கள எடுத்துனு போயி டாக்டர் கிட்ட காட்டு. இன்னிக்கே."

போனாள்.

அக்டோபர் 9 – திங்கள்

பெங்களூர். ரத்தப் பரிசோதனை. எண் இரண்டே முக்கால். டாக்டரம்மாவிடம் இஞ்சி பற்றி இவரே கேட்டார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. ரசத்தில், குழம்பில் எப்போதும் போல இருக்கலாம். லேகியம், கஷாயம், சாறு, கடையில் விற்கும் இஞ்சி மாத்திரை எதுவும் கேட்காமல் கூடாது. கறுப்பாக வெளிக்குப் போனால், ஈறில் ரத்தம் வந்தால், காரணமில்லாமல் தோல் கன்றினால் அன்றைக்கே வர வேண்டும். வலிக்கு வேறு மாத்திரை எழுதித் தந்தார், இவருக்கு ஒத்துக்கொள்ளக்கூடியது, அதிலும் ஒரு அளவு.

டைம் ஆபீஸில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இவர் சொன்னபோது நான், "சரி" என்றேன். வேறு பத்து வாக்கியம் தயாராக இருந்தன. வரிசையாக நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை.

அக்டோபர் 21 – சனி, தீபாவளி

இந்த வருஷம் காலனியில் ஒரு வீட்டிலும் தீபாவளி லேகியம் கிளறவில்லை. எண்ணெய்ப் பலகாரம் தின்றுவிட்டு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஊரே இஞ்சி, இப்போது இஞ்சி என்றால் ஊரே நடுங்குகிறது. நடுவில் நிற்க இந்த ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்த மாதிரி எழுதுகிறேன் பார்.

தங்கதுரை அண்ணன் அதிரசம் கொண்டுவந்து இவரிடம் கொடுத்தார். என்னையும் பார்த்து, "நல்லாருக்கியாத்தா?" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. இருளாயி வரவில்லை.

நவம்பர் 2 – வியாழன்

இருளாயி அண்ணி குழாயடியில் என் குடத்தை நகர்த்தி வைத்துத் தன் குடத்தை வைத்தாள். ஒரு மாதமாக என் குடத்தைத் தொடாமல் காத்திருப்பாள். இது சண்டையா சமாதானமா என்று வீடு வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 12 – ஞாயிறு

குளிர் ஆரம்பித்துவிட்டது. குளிர் வந்தால் மூட்டுகளுக்குத் தெரிந்துவிடுகிறது. காலையில் அவர் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஷிஃப்ட் இல்லாத நாள் என்று மெதுவாகத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"மாதேசு."

"ம்."

"இன்னிக்கு ரொம்ப வலிக்குது. எந்திரிக்க முடியல."

அறுவைக்குப் பிறகான இந்த மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. துணியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எங்க?" என்று கேட்டேன்.

ஒவ்வொரு இடமாகக் காட்டினார். நிறைய இடம். நான் முழுக்கக் கேட்டேன்.